‘தங்கமான மனிதர்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். புத்தகத்தில் என்ன எழுதுவது?

வாசகி ஒருவரின் கேள்வி: என் தாத்தா மூன்று மாதத்துக்கு முன் 88 வயதில் காலமானார். ஒன்பது பேரில் ஐந்தாவதாகப் பிறந்தவர். அவருக்கு ஏழு பிள்ளைகள், 19 பேரப்பிள்ளைகள்; நான்கு நாடுகளில் சிதறியிருக்கிறோம். முதலாண்டு நினைவு நாளுக்குள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொண்டுவர ஆசை. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரையும் எழுதச் சொன்னேன். ஆறு பேர் எழுதினார்கள். ஆறும் ஒரே மாதிரி: ‘தங்கமான மனிதர், கோபமே வராது, எல்லோருக்கும் உதவுவார்.’ நானும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், கண்ணீர் அஞ்சலி விளம்பரம் போல இருக்கிறது. குடும்பம் இரண்டாவது வீட்டுக்குக் குடிபோனது 1971-லா 1974-லா என்று இரண்டு அத்தைகளுக்குள் சண்டை வேறு. தாத்தாவின் உடன்பிறந்தவர்களில் 91 வயது அக்கா ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்கிறார்கள். பாட்டியிடம் கேட்கலாம், அழுதுவிடுவாரோ என்று பயம். எங்கிருந்து தொடங்குவது?

குடும்ப வரலாற்று நூல் தொகுப்பாளரின் பதில்:

எழுதுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தாத்தாவின் கைபேசி இப்போது யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பத்திரங்களைப் பூட்டி வைக்கும் குடும்பங்கள்கூட இதைக் கோட்டை விடும். வீடு கொஞ்சம் அடங்கியதும் ஒரு பேரன் எடுத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்கிக்கொள்வான். அவர் குரல் இருப்பது அதில்தான். பயன்படுத்தாமல் கிடக்கும் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாளில் நீக்கப்படும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். கணக்கு போனாலும் கைபேசிக்குள் இருப்பது உடனே அழியாது, ஆனால் செயலியை நீக்கினால் போயிற்று. ஒவ்வொரு உரையாடலாகத் திறந்து ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, படம் ஒலி எல்லாம் சேர்த்து ஒரு கணினிக்கு அனுப்புங்கள். குரல் பதிவுகள் ஓபஸ் வடிவில் வரும். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்பதற்கு மட்டும் எம்பி3 நகல் எடுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் வேறொருவருக்குப் போய்விட்டால், மறந்த கடவுச்சொல்லை மீட்க வேண்டிய ஓடிபியும் அங்கேதான் போகும். கூகுள் கணக்கு இருந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு மேல் யாரும் நுழையாவிட்டால் அவர்கள் நீக்கலாம்.

அடுத்தது அந்த 91 வயது அக்கா. ‘நினைவு தப்பிவிட்டது’ என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் நேற்று என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான். முதுமையில் மற்றவற்றைவிட வலுவாக நிற்பது பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை. உங்கள் தாத்தாவின் பிள்ளைப் பருவத்தைக் கண்ணால் பார்த்தவர் உலகத்தில் இனி அவர் ஒருவர்தான். காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். ‘தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் திகைப்பார். ஒரு பழைய படத்தையோ தாத்தா வைத்திருந்த ஏதாவது பொருளையோ கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவருக்கு உங்கள் தாத்தா ‘தாத்தா’ அல்ல, தம்பி. வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டு தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம், திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் நான்கைந்து நாள் போய் வாருங்கள். ஒரே சம்பவத்தை மூன்று நாளும் சொல்வார். மூன்றையும் பதியுங்கள், மூன்றாவது தடவைதான் புது விவரம் விழும்.

இனி அந்த ஆறு ஒரே மாதிரிக் குறிப்புகள். தவறு எழுதியவர்கள் மேல் இல்லை. குழுவில் கேட்டதுதான் தவறு. முதலில் எழுதியவர் ஒரு தொனியைப் போட்டுவிடுகிறார்; மற்றவர்கள் அதற்குக் குறைவாக எழுதினால் மரியாதைக் குறைவோ என்று நினைத்து அதையே திருப்பி எழுதுகிறார்கள். கூட்டமாக உட்கார்ந்து நினைவுகூர்வதில் கிடைப்பது, அதே ஆட்களைத் தனித்தனியே கேட்டுச் சேர்ப்பதைவிடக் குறைவு என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஒருவர் சொல்லும் வழி மற்றவர் யோசிக்கும் வழியை மறிக்கிறது. போதாததற்கு, அடுத்தவர் சொன்ன விவரம் தன் நினைவு போலவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே குழுவில் இனி படங்களை மட்டும் கேளுங்கள். நினைவுகளை ஒவ்வொருவரிடமும் தனியாக, குரலால் கேளுங்கள். எழுதச் சொன்னால் மேடைத் தமிழ் வரும். பேசச் சொன்னால் ஆள் வருவார்.

என்ன கேட்பது? நீங்கள் எழுதி வைத்த அந்த இரண்டு பக்கத்தைக் கிழிக்காதீர்கள், அதுதான் உங்கள் கேள்வித்தாள். ‘அன்பானவர்’, ‘பொறுமைசாலி’, ‘எளிமையானவர்’ என்று வரும் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே ‘எதை வைத்து?’ என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு தம்பி மகள் ‘பெரியப்பா ரொம்பப் பாசமா இருப்பார்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதோடு விடாமல், ‘பாசம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள். ‘பரீட்சைக்குப் படிக்கும்போது கரண்ட் போயிரும். கூப்பிடாமலே டார்ச்சை எடுத்துட்டு வந்து பக்கத்துல நிப்பார்’ என்பார். ‘எவ்வளவு நேரம்? ஏதாவது பேசுவாரா?’ ‘பேச மாட்டார். வலிச்சா கையை மாத்திப் பிடிச்சுக்குவார்.’ இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அந்த ஒரு மணி நேரப் பேச்சு. புத்தகத்தில் ‘பாசம்’ என்ற சொல்லே வேண்டாம். கை மாற்றிப் பிடித்தது போதும்.

கேள்விகள் சிறிதாக, உடம்போடும் பொருளோடும் ஒட்டியவையாக இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்? சாவியை எங்கே வைப்பார்? யாருக்காவது பணம் கொடுத்தால் எப்படிக் கொடுப்பார், எண்ணிக் கொடுப்பாரா, மடித்துக் கையில் திணிப்பாரா? உங்களை அவர் கடைசியாகத் திட்டியது எப்போது, எதற்கு? எதைக் கண்டால் பயப்படுவார்? அவர் செய்த எந்தக் காரியம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை? கோபமே வராது என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்களே, கோபம் வந்த ஒரு நாளைத் தேடிப் பிடியுங்கள். அவர் எதைத் தாங்கிக்கொள்ள மாட்டார் என்பது அதில்தான் தெரியும். அந்த ஒரு நாள் இல்லாத புத்தகத்தை அவரைத் தெரிந்தவர்களே நம்ப மாட்டார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் உதவிய மனிதர் வீட்டில், அந்த உதவிக்குப் பின்னால் இன்னொருவருடைய உழைப்பு இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளியைக் கூட்டி வந்தால் சமைத்தது யார்? சம்பளத்தில் ஒரு பங்கு தங்கை குடும்பத்துக்குப் போனபோது மிச்சத்தில் குடும்பத்தை ஓட்டியது யார்? பாட்டிதானே. அவரைக் கேட்காமல் தாத்தாவின் நல்ல மனசைப் பற்றி எழுதினால் அது பாதிப் புத்தகம். அழுவார் என்று பயப்படாதீர்கள். அழுதால் பதிவை நிறுத்தாமல் நீங்கள் பேச்சை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் அவரே தொடர்வார். தாத்தாவில் தொடங்காமல் பாட்டியின் கதையில் தொடங்குங்கள்: கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் எத்தனை பேர், எங்கே படுத்தார்கள், யார் முதலில் பேசினார்கள். தாத்தா தானாக வந்து சேர்வார். மருமகள்களையும் விடாதீர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால், பிள்ளைகள் இயல்பு என்று விட்டதையெல்லாம் அவர்கள் கவனித்திருப்பார்கள். குடும்பத்துக்கு வெளியே, அவரோடு வேலை பார்த்தவர் இரண்டு பேரையாவது பிடியுங்கள்.

ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே அப்பா இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். மூத்தவருக்கும் கடைசிக்கும் பதினைந்து, இருபது ஆண்டு இடைவெளி இருந்தால், மூத்தவர் கண்டது இருபதுகளில், கைச்செலவுக்குத் திண்டாடிய இளைஞரை. கடைசிப் பிள்ளை கண்டது தலை நரைத்த, கொஞ்சம் நிம்மதியான மனிதரை. ‘அப்பா கையை ஓங்கியிருக்கார்’ என்று மூத்தவரும் ‘ஒரு நாளும் இல்லை’ என்று கடைசியும் சொன்னால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். இதைச் சமாளிக்க ஒரு பெரிய தாள் போதும். மேலே குறுக்காக ஆண்டுகள், இடப்பக்கம் கீழாக வீட்டில் இருந்த எல்லோர் பெயரும். பிறந்த ஆண்டிலிருந்து வீட்டை விட்டுப் போன ஆண்டு வரை ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. கீழே தாத்தாவின் வயது, வேலை, குடியிருந்த வீடு. எந்த ஆண்டைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும். சொன்னவர் அந்த ஆண்டு வீட்டில் இருந்தாரா, கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

அத்தைகளின் சண்டையும் இந்தத் தாளில் பாதி தீரும். ஆண்டைக் கேட்காதீர்கள், ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. ஆண்டோடு ஒட்டிய ஒன்றைக் கேளுங்கள். குடிபோன அன்று இடுப்பில் இருந்த குழந்தை யார்? நீங்கள் எந்த வகுப்பு? புது வீட்டிலிருந்து போன பள்ளி அதேதானா? இதோடு அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட காகிதம் ஏதாவது ஒன்று, ரசீதோ, கடித உறையின் முகவரியோ, பள்ளி மாற்றுச் சான்றிதழோ, கிடைத்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. பிறந்த தேதியில் மட்டும் காகிதத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொன்ன வீடுகள் நிறைய. எல்லாம் பார்த்தும் முடிவாகவில்லையா? ‘1971 என்கிறார் மூத்த மகள், 1974 என்கிறார் இளையவர்’ என்று இரண்டையும் அச்சிடுங்கள். இரண்டு அத்தைகளும் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள்.

பதிவு செய்வதற்குத் தனிக் கருவி தேவையில்லை. கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மேசை மேல் மடித்த துண்டின் மீது வையுங்கள். வெறும் மேசை என்றால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி போல விழும். வேவ் வடிவில் பதிய வசதி இருந்தால் அதில் பதியுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். இடம் போதாவிட்டால் எம்4ஏ 128 கேபிபிஎஸ், மணிக்கு 60 எம்பிக்கும் குறைவு, பேச்சுக்குப் போதும். தொடங்கியதும் பேசுபவர் பெயர், உறவு, தேதி, இடம் ஆகியவற்றை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரலுக்குள் அது இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களோடு வாட்ஸ்அப் அழைப்பில் பேசும்போது அழைப்பைப் பதியாதீர்கள், குரல் நசுங்கிப்போகும். அந்தப் பக்கம் இருப்பவர் இன்னொரு கைபேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிந்து, அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பட்டும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தானாக எழுதித் தரும் மென்பொருள்கள் வட்டார வழக்கிலும் உறவுப் பெயர்களிலும் தடுமாறும். முதல் படிக்கு வைத்துக்கொண்டு காதால் கேட்டுத் திருத்துங்கள். எல்லாவற்றையும் இறக்க வேண்டியதும் இல்லை. முதலில் கேட்டுக்கொண்டே நிமிடக் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: ‘14:20, டார்ச்’, ‘31:05, சைக்கிள் விற்றது’. வேண்டிய இடத்தை மட்டும் சொல் சொல்லாக இறக்குங்கள்.

பேச்சை எப்படி அச்சில் தருவது என்பதில் குடும்பப் புத்தகங்கள் வழுக்குவது உறவுச் சொல்லில். உங்கள் ‘அப்பா’ சித்தப்பா மகனுக்குப் ‘பெரியப்பா’, அத்தை மகளுக்கு ‘மாமா’. நான்கு பேர் சொன்னதை ஒட்டி ஒரே கட்டுரையாக ஆக்கினால் ஒரு பக்கத்துக்குள் ஒருவரே மூன்று ஆளாகிவிடுவார். அவரவர் பகுதியை அவரவர் பெயர், உறவோடு தனித்தனியே கொடுங்கள். அதற்குள் அவர்கள் கூப்பிட்ட முறையிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதும் இணைப்புப் பகுதியில் மட்டும் எல்லோருக்கும் பெயர். ‘வந்தாங்க’ என்று பேசியதை ‘வருகை புரிந்தார்’ என்று மாற்றினால் குரல் செத்துவிடும். ‘அப்புறம்’, ‘வந்து’ போன்றவற்றைக் குறையுங்கள், வாக்கியத்தின் போக்கைத் தொடாதீர்கள்.

பெரிய குடும்பத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அதற்கு எண் கொடுங்கள். பிரான்சைச் சேர்ந்த ஜாக் தபோவில் 1940-ல் வகுத்த முறை எளிது: தாத்தாவின் பெற்றோர் 1, ஐந்தாவது பிள்ளையான தாத்தா 1.5, அவருடைய மூன்றாவது மகள் 1.5.3; அவளுடைய இரண்டாவது குழந்தை 1.5.3.2. புள்ளிகளை எண்ணினால் தலைமுறை தெரியும், நாளை ஒரு குழந்தை பிறந்தாலும் மற்ற எண்கள் மாறாது. பிறந்து சில நாளில் போய்விட்ட குழந்தைகள் அந்தத் தலைமுறையில் நிறைய வீடுகளில் உண்டு. அவர்களுக்கும் ஓர் எண் வேண்டும். இதைப் பாட்டியிடம் தனியாக, பதிவுக் கருவி இல்லாமல் கேளுங்கள். அவர் அச்சில் வேண்டாம் என்றால் வேண்டாம், அந்த எண்ணை மட்டும் காலியாக விடுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறந்த ஆண்டு போதும், முழுத் தேதி எதற்கு? மோசடிக்காரர்களுக்கு உதவும், வேறு யாருக்கும் உதவாது. சொத்து, வழக்கு, வியாதி விவரம் இவையும் வேண்டாம். பேச்சில் கட்டாயம் வரும். பதிவில் இருக்கட்டும், அச்சில் வராது என்று பேசும்போதே சொல்லிவிட்டால் மனம் திறப்பார்கள்.

படங்கள். உங்களுக்கு 500, 600 வந்து குவியும், வேண்டியது நாற்பது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். அசல் கிடைத்தால் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில், டிஃப் வடிவில் எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமும் வண்ணத்தில்தான், மங்கலையும் கறையையும் பின்னால் பிரித்தெடுக்க உதவும். 4×6 அங்குலப் படம் ஒன்று சுமார் 26 எம்பி வரும். 35 மிமீ நெகட்டிவ் இருந்தால் 2400 டிபிஐக்குக் குறையாமல். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டியதை, பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் மெதுவாக ரம்பம் போல இழுத்துப் பிரிக்கலாம். வராவிட்டால் வற்புறுத்தாமல் பக்கத்தோடு எடுங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும். 4பி பென்சில் நல்லது. பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பழைய கடிதங்களை லேமினேட் செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஒட்டு டேப்பும் அப்படித்தான், மஞ்சளாகி எழுத்தைத் தின்னும்.

தேதியில்லாத படத்தில் படமே சில குறிப்பு தரும். வெள்ளை ஓரத்துடன் சதுரமாக, 3½ அங்குலத்தில் இருந்தால் அது கோடக் 1963-ல் கொண்டுவந்த 126 ஃபிலிம் வகையில் எடுத்ததாக இருக்கலாம். ஒட்டுமொத்தமாகச் சிவந்துபோன வண்ணப் படம் என்றால் 1960-70-களின் தாள். அதில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலும் மங்கும். வலது மூலையில் ஆரஞ்சு எண்களில் தேதி இருந்தால் எண்பதுகள், தொண்ணூறுகள். ஆனால் கேமராவில் தேதியைச் சரியாக வைத்தார்களா என்று யாருக்குத் தெரியும்? செயற்கை நுண்ணறிவில் ‘சரிசெய்து’ வண்ணம் ஏற்றித் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும், மூக்கும் கண்ணும் வேறு யாருடையதோ ஆகியிருக்கும். அச்சில் அசலைப் போடுங்கள்.

வீட்டில் பழைய ஒலிநாடா இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். கல்யாணத்தில் பதிந்ததில் அவர் நாற்பது வயதுக் குரல் பின்னணியில் கேட்கும். மேல் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை முதலில் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிய முடியாது. டேப் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நாடாவை ஒரு முறை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டி இறுக்கம் தளர்த்துங்கள். முதல் தடவை போடும்போதே கணினியில் பதியுங்கள்; இன்னொரு தடவை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்லாக் கோப்புகளுக்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில்.

புத்தகத்தின் அளவைத் தொடங்கும்போதே முடிவு செய்தால் வேலை அடங்கும். டெம்மி அளவு, 5½×8½ அங்குலம், 96 பக்கம். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கப் படிவம் ஆறு. 25 பேர், ஆளுக்கு 400 சொல், மொத்தம் 10,000. பாட்டியும் படிக்க வேண்டும் என்றால் எழுத்து 12 அல்லது 13 புள்ளி, அதில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று 50 பக்கம். உங்கள் இணைப்பு எழுத்து 12 பக்கம், படங்கள் 24, வம்ச வரைபடம் 4, காலவரிசை 2, பெயர் அகராதி 2, முன்பக்கங்கள் 2. ஒரு மணி நேரப் பேச்சில் 5,000 சொல்லுக்கு மேல் இருக்கும், அதிலிருந்து 400. வலிக்கும், வெட்டியது எல்லாம் பதிவில் இருக்கிறதே. படத்தில் யார் எத்தனை என்று எண்ணாத குடும்பம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் குடும்பப் படத்தையும் ஒரே அளவில் வம்ச வரைபடப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். மற்ற படங்களைச் சம்பவத்துக்கு ஏற்ப நிம்மதியாகத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் முதலில் புரட்டுவது பெயர் அகராதிதான், விடுபட்ட ஆளை நீங்களும் அங்கேதான் கண்டுபிடிப்பீர்கள்.

பக்க வடிவமைப்புக்குக் கொடுக்கும்போது யூனிகோடில் கொடுங்கள். சித்தப்பா ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புவார். அதை மாற்றியதும் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சில பழைய மென்பொருள்களில் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ, பக்க ஓரத்தைத் தொடும் படத்துக்கு 3 மிமீ கூடுதல். உள் தாள் 80 ஜிஎஸ்எம் கனமுள்ள, பூச்சில்லாத மேப்லித்தோ, படப் பக்கங்களுக்கு மட்டும் 130 ஜிஎஸ்எம் வழவழப்பான ஆர்ட் தாள். ஐம்பது, அறுபது பிரதிதான் என்றால் டிஜிட்டல் அச்சு. பசையில் மட்டும் ஒட்டிய கட்டு பலமுறை விரித்தால் தாள் தாளாகக் கழன்று வரும். படிவங்களைத் தைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பேர் புரட்டப்போகும் புத்தகம் இது.

ஒன்பது மாதம் இருக்கிறது. பேச்சுப் பதிவுக்கு முதல் மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள், கடைசி மூன்று வாரம் அச்சகத்துக்கு. ஏழாவது மாதம் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியையும் வம்ச வரைபடத்தையும் மட்டும் அனுப்பி, பதினைந்து நாள் கெடு வையுங்கள். முழுப் பிரதியையும் எல்லோருக்கும் அனுப்பினால் ஒருவர் பேச்சை இன்னொருவர் திருத்துவார், புத்தகம் திரும்பவும் ‘தங்கமான மனிதர்’ ஆகிவிடும். திருத்தங்களை ஒரே ஆள், ஒரே தாளில் குறிக்கட்டும். முழுப் பிரதியைப் பாட்டிக்கு மட்டும், நாளுக்கு எட்டுப் பத்துப் பக்கமாக, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எங்கே ‘அப்படியில்லை’ என்கிறாரோ அங்கே நிறுத்திப் பென்சிலை எடுங்கள். படிவக் கணக்கில் பக்கம் மிஞ்சினால் கடைசியில் மேப்லித்தோ தாளிலேயே வெறுமையாக விடுங்கள், ஆர்ட் தாளில் பேனா மை நிற்காது. பிரதி கைக்கு வந்த வாரமே யாராவது ஒரு அத்தை, ‘இதைச் சொல்ல மறந்துட்டேனே’ என்று கூப்பிடுவார்.